காட்டோரத்தில் ஆள் தேடப் போகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன்பு, பென்னாகரம் பக்கத்து ஊர் ஒன்றில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் சாயங்காலம் வெளியே போனார், திரும்பவில்லை. மறதி நோய் இருந்தவர். செய்தி பரவிய அரை மணி நேரத்தில் இருநூறு பேர் கூடிவிட்டோம். டார்ச், பைக் வெளிச்சம், ஆளுக்கொரு பக்கம் கூப்பாடு என்று விடிய விடியத் தேடினோம். மூன்றாம் நாள் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன்தான் அவரைப் பார்த்தான். வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. வேலியோர உண்ணிப் புதருக்குள் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். உயிர் இல்லை. முதல் ராத்திரியே அந்தப் புதரை ஒட்டி நாங்கள் இரண்டு தடவை நடந்திருந்தோம். அவருடைய செருப்புத் தடம் எங்கள் செருப்புத் தடங்களுக்கு அடியில் போய்விட்டது.

அன்றைக்கு யாருக்கும் அக்கறைக் குறைவு இல்லை. தேடத்தான் தெரியவில்லை. உழவு, நெசவு மாதிரி தேடுவதும் ஒரு வேலை, பழகினால்தான் கைவரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதைப் பழக நினைக்கிறவர்கள் எங்கே தொடங்குவது, எதை முதலில் கற்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கே பெயர் கொடுப்பது

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு குழு என்று பெயர் வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடக் கூடாது. இங்கே பாதிக்கு மேல் தேடல் நடக்கும் இடம் காப்புக்காடு, அல்லது அதன் ஓரம். காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், எந்த ஓடையில் யானை நிற்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

ஆகவே முதல் வேலை, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போய்ப் பெயர், ரத்த வகை, தெரிந்த வேலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். ஊர்க்காரர்களே முதல் உதவிக்கு நிற்க வேண்டும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் தொடங்கிய திட்டம் ஆப்த மித்ரா. 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி. முதலுதவி, கயிறு, வெள்ள மீட்பு, கட்டட இடிபாடு எல்லாம் அதில் வரும். அடுத்த அணிக்கு எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள். சேர முடியாவிட்டால் ஊர்க்காவல் படை இருக்கிறது. அதற்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்டம், செஞ்சிலுவைச் சங்கம்.

அப்புறம் உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தீயணைப்பு நிலையம். அங்கே ஒரு நாள் சும்மா போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். கிணற்றில் விழுந்த மாடு முதல் ஆற்றில் போன மனிதர் வரை தூக்குவது அவர்கள்தான். எந்தப் பயிற்சி முகாமும் கற்றுத் தராத பல விஷயங்கள் அந்த வீரர்களின் கையில் இருக்கின்றன. தேசியப் பேரிடர் மீட்புப் படை நமக்கு அரக்கோணத்திலிருந்து வர வேண்டும். பல மணி நேரம் ஆகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் முதல் சில மணி நேரத்துக்கு உள்ளூர்க்காரர்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

போனில் இருக்க வேண்டிய எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகளுக்கு 1098. கட்டுப்பாட்டு அறையின் தரைவழி எண்ணையும், உங்கள் வனச்சரக அலுவலக எண்ணையும் தனியாகக் கேட்டு வாங்கிப் பதிந்து வையுங்கள்.

உடம்பும் பையும்

மாதம் இரண்டு முறையாவது முதுகில் 6, 7 கிலோ சுமையோடு மூன்று மணி நேரம் ஏறி இறங்கிப் பழகுங்கள். சாலையில் ஓடுவது இதற்கு உதவாது. ஊர்க் கரட்டில் பாறையும் சரளையும் உள்ள பக்கமாக ஏறுங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் உண்மையைச் சொல்லும். சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பையில் இவை போதும்: 3 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலை மிட்டாய், முழு வலுவோடு ஊதக்கூடிய விசில், நெற்றியில் மாட்டும் டார்ச், கையில் பிடிக்கும் இன்னொரு டார்ச், பவர் பேங்க், முதலுதவிப் பொருட்கள், ஒரு தடித்த போர்வை, நோட்டும் பென்சிலும். மழையில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். ராகிக் காவலுக்குப் பரணில் உட்காருகிறவர்கள் கட்டும் நெற்றி டார்ச் நன்றாகவே உழைக்கிறது. விலை உயர்ந்தது வேண்டியதில்லை. கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கை சட்டை, தடித்த பேண்ட் கட்டாயம். உண்ணி முள் கிழித்த கையோடு ஐந்து மணி நேரம் யாரும் ஒழுங்காகத் தேட முடியாது. சட்டை ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறமாக இருந்தால் பக்கத்தில் வருகிறவருக்கு நீங்கள் தெரிவீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் உடை நிறத்தை வனத்துறையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி தாண்டினால் சிக்னல் போகும், ஆனால் ஜி.பி.எஸ். போகாது; இறக்கி வைத்த வரைபடம் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். இருக்கும் இடத்தின் எண்ணை, அதாவது ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லிப் பழகுவது இதோடு சேர்ந்த பாடம். நம் பகுதியில் முதல் எண் 11 அல்லது 12 என்றும் இரண்டாவது எண் 77 அல்லது 78 என்றும் வரும். வேறு எது வந்தாலும் எங்கோ தவறு. புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் சொன்னால் ஏறக்குறைய 11 மீட்டருக்குள் இடம் சிக்கிவிடும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. 12.30 டிகிரி வேறு, 12 டிகிரி 30 நிமிடம் வேறு. இரண்டுக்கும் நடுவே 22 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் தவறான மலைக்குப் போய் நிற்பது இப்படித்தான். குழுவில் எல்லோரும் ஒரே முறையில் சொல்வது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

ஒருவர் மணிக்கு 3 கிலோமீட்டர் நடக்கிறார் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அவர் இருக்கக்கூடிய வட்டம் சுமார் 7,000 ஏக்கர். இரண்டு மணி நேரத்தில் அது 28,000 ஏக்கர் ஆகிவிடும். நேரம் இரட்டித்தால் தேட வேண்டிய நிலம் நாலு மடங்கு. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

ஆள் காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. குழந்தை காணாமல் போனால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. குடும்பத்தாரை உடனே காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். கூடவே ஒருவர் போங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குப் பேச்சு வராது.

அடுத்தது கூட்டத்தை நிறுத்துவது. இதுதான் கஷ்டமான வேலை. கடைசியாக அவரைப் பார்த்த இடம் எதுவோ, அதைச் சுற்றிக் கயிறு கட்டி ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சொல்ல வையுங்கள். இளவட்டம் சொன்னால் கேட்க மாட்டார்கள். "அண்ணா, தடம் அழிஞ்சிடும், இந்தப் பக்கம் வாங்க" என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் நகர்ந்துகொள்வார்கள். வந்திருக்கும் நல்ல மனசையும் வீணாக்க வேண்டாம். முக்கூட்டுச் சாலை, பேருந்து நிறுத்தம், பாலம், சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு பேரை போட்டோவோடு நிறுத்துங்கள். வட்டத்தை விட்டு அவர் வெளியே போனால் தெரிந்துவிடும். பேருந்து நடத்துனர்களிடம் கேட்பதும் அவர்கள் வேலையே.

இதே நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வீட்டாரிடம் கேட்க வேண்டும். என்ன உடை, என்ன செருப்பு, எந்தக் கால் வலி, என்ன மாத்திரை, கையில் பணம் உண்டா, யாரோடாவது சண்டையா, வழக்கமாக எந்த வழி. செருப்பு ரொம்ப முக்கியம். பழைய ஜோடி வீட்டில் கிடந்தால் வாங்கி அடிப்பக்கம் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு மாதிரி தேய்ப்பார்கள். ஒருவர் குதிகாலின் வெளிப்பக்கம், இன்னொருவர் கட்டைவிரல் பக்கம். அந்தத் தேய்மானம்தான் பின்னால் மணலில் அவர் கையெழுத்து.

அதற்குள் மூன்று மூன்று பேராகப் பழகிய சிறு குழுக்கள் ஒத்தையடிப் பாதை, ஓடைக்கரை, வேலியோரம், பாழடைந்த கொட்டகை இவற்றை வேகமாகப் பார்த்து வர வேண்டும். வீட்டுக்குள்ளேயும் தேடுங்கள். பரண், கட்டிலடி, வைக்கோல் போர், நிறுத்தியிருக்கும் கார். குழந்தைகள் விஷயத்தில் இதைத் தவற விட்டவர்கள் எத்தனையோ பேர்.

கண் பழக வேண்டிய விதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து பாருங்கள். பழைய சட்டையும் கைலியும் எடுத்து வைக்கோல் அடைத்து ஆள் மாதிரி கட்டுங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பட்டா நிலத்துப் புதரோரம் அதைப் படுக்க வையுங்கள். அதிலிருந்து மெதுவாகப் பின்னோக்கி நடந்து, கண்ணுக்கு எங்கே மறைகிறது என்று அடி எண்ணுங்கள். நாலைந்து திசையில் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். அதன் இரட்டிப்புதான் அந்த நிலத்தில் வரிசையாகப் போகும்போது இரண்டு பேருக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி. உழுத காட்டில் அது நாற்பது மீட்டர்கூட வரும். உண்ணிப் புதர் மண்டிய இடத்தில் சில மீட்டர்தான் வரும். முதல் தடவை இதைச் செய்தபோதுதான் எனக்கு அந்தப் பெரியவர் விஷயம் புரிந்தது. நாங்கள் அன்றைக்குப் பதினைந்து மீட்டர் தள்ளித் தள்ளி நடந்தோம். கண்ணுக்கு எட்டாத இடத்தைத் தேடிவிட்டதாக எழுதி வைத்திருந்தோம்.

இன்னொன்று, ஆளைத் தேடாதீர்கள், அடையாளத்தைத் தேடுங்கள். ஆள் ஒரே ஒருவர். அவர் விட்டுப்போன அடையாளம் நூற்றுக்கணக்கில் இருக்கும். மடங்கிய புல், புரண்டு ஈரப்பக்கம் மேலே தெரியும் கல், பீடித் துண்டு, வெற்றிலைத் துப்பல், முள்ளில் சிக்கிய நூல். பத்து அடிக்கு ஒரு தடவை நின்று திரும்பியும் பாருங்கள். வரும்போது மறைந்திருந்தது திரும்பினால் தெரியும்.

தடம் பார்க்க நல்ல நேரம் காலையும் மாலையும். வெயில் சாய்வாக விழும்போது தடத்தின் ஓரம் நிழல் போடும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரியில் டார்ச்சைத் தரையை ஒட்டி, பக்கவாட்டில் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. காய்ந்த ஓடை மணல் நமக்குக் கிடைத்த பெரிய வரம். யார் கடந்தாலும் தடம் விழும். ஓடையின் நீளத்துக்குக் கரையோரமாகப் போய்ப் பார்த்தாலே இந்தப் பக்கம் கடந்தாரா இல்லையா என்று தெரிந்துவிடும். நல்ல தடம் ஒன்று கிடைத்தால் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுங்கள். மழை வரும் போலிருந்தால் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு குச்சியில் தடத்தின் நீளத்தையும், ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் உள்ள தூரத்தையும் ரப்பர் பேண்ட் சுற்றிக் குறித்துக்கொண்டால், அடுத்த தடம் எங்கே விழுந்திருக்கும் என்று குச்சியே காட்டும்.

இந்த வேலையில் நமக்கு மேலான ஆசான்கள் ஆடு மாடு மேய்ப்பவர்களும், தேன் எடுக்கப் போகும் இருளர் மக்களும், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களும். நான் ஒரு வருடம் கற்றதைவிட ஒரு பட்டிக்காரரோடு இரண்டு நாள் நடந்து கற்றது அதிகம். அவர்களைத் தேடலில் வழிகாட்டியாக முன்னால் நிறுத்துங்கள். தண்ணீர் தூக்க வைக்காதீர்கள்.

கூப்பிடுவதற்கும் முறை உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் விசில் ஊதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு ஒரு நிமிடம் முழு அமைதி. பேச்சு, செருப்புச் சத்தம், போன் எதுவும் கூடாது. அடிபட்டவர் குரல் முனகலாகத்தான் வரும். அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால் நாம் ஊதியது வீண்.

யார் காணவில்லை என்பதைப் பொறுத்து

மறதி உள்ள முதியவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், ஏதாவது தடுக்கும் வரை. புதர், வேலி, பள்ளம் வந்தால் திரும்பத் தெரியாமல் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்வார்கள். கூப்பிட்டாலும் பதில் வராது. முன்பு குடியிருந்த வீடு, விற்ற நிலம், பழைய சந்தைக்குப் போன வழி இவற்றைக் கட்டாயம் பாருங்கள்.

சிறு குழந்தை பயந்தால் ஒளிந்துகொள்ளும். திட்டு விழும் என்ற பயம், முகம் தெரியாத ஆண்கள் என்ற பயம். அம்மாவின் குரலைப் பதிந்து ஒலிபெருக்கியில் போடுங்கள், செல்லப்பெயரில். களைத்த குழந்தை தூங்கியும் போயிருக்கும், ஆகவே ஒரு தடவை பார்த்த இடத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். வழி தவறினால் நடக்காமல் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நில் என்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

மனவேதனையில் போனவர்கள் பெரும்பாலும் அதிக தூரம் போவதில்லை. சத்தம் போட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குப் பிடித்த அமைதியான இடம் எது என்று நெருங்கிய நண்பரிடம் தனியாகக் கேளுங்கள். அந்தப் பக்கம் போகும் குழுவில் அவருக்கு வேண்டிய ஒருவர் இருக்கட்டும், ரத்த உறவு என்றால் காவலரிடம் கேட்டுக்கொண்டு.

யானை, பாம்பு, கிணறு, ஆறு

நம் மாவட்டங்களில் பழைய நடுகற்கள் நிறைய. சில கற்களில் "தொறு மீட்டுப் பட்டான்" என்று வெட்டியிருக்கும். கவர்ந்து போன மாட்டுக் கூட்டத்தை மீட்கப் போய் உயிர் விட்டவர்களுக்கு எடுத்த கல். மீட்பு என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் அவ்வளவு வயது. அந்த வீரர்களை நான் வணங்குகிறேன். ஆனால் இன்றைக்கு நம் வேலையில் ஒருவர் பட்டால், மற்ற எல்லோரும் தேடலை விட்டுவிட்டு அவரைத் தூக்க வேண்டியதாகிவிடும்.

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் இறங்கும். ராகி முற்றும் காலம். அந்த மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகு வனத்துறை ஆள் இல்லாமல் காட்டோரத்தில் ஒரு அடிகூட வைக்காதீர்கள். அவர் நிறுத்து என்றால் நிறுத்துங்கள். வீட்டார் அழுவார்கள், உங்களுக்கும் நெஞ்சு அடைக்கும். அப்படியும் நிறுத்தத்தான் வேண்டும்.

பாம்பு கடித்தால் கடிபட்ட காலை அசைக்காமல் கட்டை வைத்து இலேசாகக் கட்டி, தூக்கிக்கொண்டு வாருங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். தேடல் தொடங்கும் முன்பே, எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது என்று ஒருவர் போன் போட்டுக் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

கிணறுகளை எல்லாம் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இறங்காதீர்கள், பாழுங்கிணற்றில் காற்று கெட்டிருக்கும், இறங்கியவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கியிருக்கிறார். ஒகேனக்கல்லில், காவிரியில், வெள்ளம் வந்த ஓடையில் இறங்குவதும் நம் வேலை இல்லை. கரையில் நின்று கயிறு வீசப் பழகுங்கள், அவ்வளவுதான். தண்ணீர் தீயணைப்புத் துறைக்கும் பரிசல்காரர்களுக்கும்.

கண்டுபிடித்த பிறகு

உயிரோடு இருந்தால் உடனே எழுப்பி நடக்க வைக்காதீர்கள். மூச்சு, ரத்தப்போக்கு, எலும்பு முறிவு என்ற வரிசையில் பாருங்கள். மூச்சும் இல்லை, அசைவும் இல்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டர் ஆழம் குறையாமல். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது; பொம்மை மேல் செய்து பழக வேண்டும். நினைவோடு இருந்தால் போர்வை போர்த்தி, சிறிது சிறிதாகத் தண்ணீர். இரண்டு மூங்கிலும் நாலு சட்டையும் இருந்தால் தூக்குகட்டில் ஆகிவிடும். ஒரு கிலோமீட்டர் தூக்க எட்டுப் பேராவது மாறி மாறி வேண்டும், அதைக் கணக்குப் போட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

உயிர் இல்லை என்றால் தொடாதீர்கள். வந்த வழியிலேயே பின்வாங்கி, இடத்தைக் காத்து, காவல்துறைக்குச் சொல்லுங்கள். படம் எடுக்க யாரையும் விடாதீர்கள். வீட்டாரிடம் சொல்லும் பொறுப்பு காவல்துறை அதிகாரிக்கு. போனில் யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. பெற்ற மகள் ஒருத்தி அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கலைவதற்கு முன் தலை எண்ணுங்கள். போன எல்லோரும் வந்தார்களா என்று நோட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எங்கே தேடினோம், எங்கே தேடவில்லை, எவ்வளவு இடைவெளியில் நடந்தோம் என்று அன்றைக்கே எழுதி, காவல் நிலையத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ ஒரு நகல் கொடுங்கள். மறுநாள் வருகிற குழுவுக்கு அந்தத் தாள்தான் வரைபடம். பிறகு குழுவாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். யாராவது பேசாமலே இருந்தால், இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். தூக்கம் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் டார்ச்சைச் சார்ஜில் போட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, பையை மறுபடி கதவோரம் மாட்டி வையுங்கள்.